குடவோலையில் பி.டெக்.

கொரியாவில் ஒரு பிள்ளை பல்கலைக்கழகத்தில் என்னவெல்லாம் படிக்கலாம் என்று சொன்னால் நம்ம ஊரில் சிரிப்பார்கள். கட்டம் போட்ட பலகையில் கறுப்புக் காய், வெள்ளைக் காய் வைத்து ஆடும் பாதுக் விளையாட்டுக்கு மியோங்ஜி பல்கலைக்கழகம் 1997இல் தனித் துறையே தொடங்கியது. நம் ஆடுபுலி ஆட்டத்துக்கு ஒரு ஹெச்.ஓ.டி. இருந்தால் எப்படி இருக்கும், அப்படி. கியோங்ஹீயில் தேக்வாண்டோவில் பட்டம் வாங்கலாம். யுல்ஜி பல்கலைக்கழகத்தில் சாவுக் காரியம் நடத்தவே படிப்பு உண்டு. செத்தவரை மரியாதையாக வழியனுப்புவதற்கு அங்கே பாடம், தேர்வு, மதிப்பெண், பட்டம்.

நம்மிடம் அந்தத் துறை இல்லையே என்று யாரும் ஏங்க வேண்டாம். ரொம்ப காலமாக இருக்கிறது. பிறந்த தெருவைப் பார்த்து சீட் ஒதுக்குவோம். நுழைவுத் தேர்வு கிடையாது, கட்டணம் கிடையாது, பாதியில் விலகிக்கொள்ளும் வசதியும் கிடையாது. பட்டம் மட்டும் கொடுப்பதில்லை, ஊர் ஒரு பெயர் வைத்துக் கூப்பிடும்.

சரி, கொரியாவுக்கே வருவோம். சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2009இல் ஒரு கல்லூரி ஆரம்பித்தார்கள். அதில் சேரும்போது துறையே சொல்ல வேண்டாம். முதலில் உள்ளே வா, நாலு வகுப்பில் உட்கார்ந்து பார், பிறகு சொல் என்கிறார்கள். மருத்துவம் மாதிரி சிலவற்றை விட்டால் மற்றதெல்லாம் அவன் இஷ்டம். இருக்கிற எந்தத் துறையும் பிடிக்கவில்லையா, ரெண்டு மூன்று துறைப் பாடங்களைக் கோத்துத் தனக்கென்று ஒரு படிப்பைத் தானே வகுத்துக்கொள்ளலாம். இயற்பியலோடு தத்துவம், பொருளாதாரத்தோடு கணினி என்று இரட்டைப் பாடம் எடுப்பது அங்கே சாதாரணம். 2025 சேர்க்கையில் துறை சொல்லாமல் சேரும் இடங்களை அரசே முன்னின்று பல பல்கலைக்கழகங்களில் பெருக்கியது. பதினெட்டு வயதுப் பிள்ளைக்குத் தனக்கு என்ன வேண்டும் என்று தெரியாது என்பதை ஒரு நாடே ஒப்புக்கொள்கிறது. நாம் பதினேழு வயதில் கேட்போம், பதினாலு வயதிலேயே பதிலையும் சொல்லிக் கொடுத்திருப்போம்.

அது சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. அங்கும் ஒரே நாளில் நடக்கும் சுனுங் என்ற கல்லூரி நுழைவுத் தேர்வுக்காக மொத்த நாடும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறது; ஆங்கிலத்தைக் காதால் கேட்டு எழுதும் அந்த அரை மணி நேரம் விமானம் ஏறாது, இறங்காது. பிள்ளை பெறுவதே குறைந்துபோய், செர்ரி பூக்கும் வரிசையில் தெற்கிலிருந்து கல்லூரிகள் சாகும் என்று கறுப்பு நகைச்சுவை பேசிக்கொள்கிறார்கள். அந்த பாதுக் துறையையும் மூடுவதென்று முடிவெடுத்துவிட்டார்கள். பெரிய கம்பெனி வேலை உறுதி என்று சேர்ந்த பிள்ளைகளில் பல பேர் மருத்துவ சீட் கிடைத்ததும் ஓடிவிடுகிறார்கள். பெற்றோர் எங்கேயும் பெற்றோர்தான்.

அந்த ‘வேலை உறுதி’யைத்தான் கவனிக்க வேண்டும். 2006இல் சாம்சங்கும் சுங்க்யுன்க்வான் பல்கலைக்கழகமும் சேர்ந்து குறைக்கடத்திப் பொறியியலுக்கு ஒரு துறை தொடங்கின. கல்விச் செலவுக்கு நிறுவனம் கை கொடுக்கும், படித்து முடித்தால் வேலை காத்திருக்கும். யோன்சேயில் 2021இல் இன்னொன்று. ஹூண்டாய் தன் பங்குக்கு கொரியா பல்கலைக்கழகத்தில் 2023இல் நாளைய வாகனங்களுக்கென்று ஒரு துறை. ஒப்பந்தத் துறை என்றே அவற்றுக்குப் பெயர். ஒப்பந்தம் என்ற சொல்லை நம் பிள்ளைகளும் நன்றாக அறிவார்கள். எந்த ஹூண்டாய், எந்த சாம்சங்? நம் வீட்டிலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரத்தில், இருங்காட்டுக்கோட்டையிலும் சுங்குவார்சத்திரத்திலும் இருக்கிறதே, அதே ஹூண்டாய், அதே சாம்சங்.

இனி பெருநகர். காஞ்சிபுரம்–வந்தவாசி சாலையில், செய்யாற்றங்கரையில், பிரம்மபுரீசுவரர் கோயிலைச் சுற்றி இருக்கும் ஊர். தைப்பூசத்துக்குச் சுற்றுவட்டாரச் சாமிகள் எல்லாம் ஆற்றில் கூடும். சாமிகளுக்கு வருஷத்தில் ஒரு நாள்தான் கூட்டம்; கல்லூரிப் பேருந்துகளுக்குத் தினமும் தைப்பூசம். விடிந்தும் விடியாததுமாக மஞ்சள், நீலம், வெள்ளை என்று நிறத்துக்கு ஒரு கல்லூரி வந்து நின்று பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகிறது. அதற்கும் முன்னால் கம்பெனி பஸ் வந்து அண்ணன்களை, அக்காக்களை அள்ளிப் போயிருக்கும். அக்கா போன பஸ்ஸுக்கும் தங்கை போகிற பஸ்ஸுக்கும் நடுவில் இருக்கிற நாலு வருஷத்தைத்தான் நாம் உயர்கல்வி என்கிறோம்.

ஜூலை மாதம் எந்த ஜெராக்ஸ் கடைக்காவது போய்ப் பாருங்கள். 2018இல் இருந்து பொறியியல் கலந்தாய்வு இணையத்தில் வந்துவிட்டது. கிண்டிக்குப் போய்ப் பெரிய திரையைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை, உள்ளூரிலேயே சின்னத் திரையைப் பார்த்துப் பயப்படலாம். நான் பார்த்த அன்று ஓர் அப்பா, கழனியிலிருந்து அப்படியே வந்தவர், முழங்காலுக்குக் கீழே சேறு காயவில்லை. பக்கத்தில் மகள், கையில் பிளாஸ்டிக் உறை, அதற்குள் முதல் பட்டதாரிச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்.

“எதுல போட்டா வேல கெடிக்கும்பா?”

“ஏஐ இருக்கிறதா பாத்துப் போட்டுடலாம்ண்ணா. இப்போ அதான் ஓடுது.”

“அதுல இன்னா சொல்லித் தருவாங்க?”

கடைக்காரத் தம்பிக்கு அந்தக் கேள்விக்கு மட்டும் நேரமில்லை. வெளியே இன்னும் ஆறு பேர். பட்டியல் ஓடிக்கொண்டே இருந்தது: கம்ப்யூட்டர் சயின்ஸ். ஆர்ட்டிபிஷியல் இன்டெலிஜென்ஸ் அண்ட் டேட்டா சயின்ஸ். ஆர்ட்டிபிஷியல் இன்டெலிஜென்ஸ் அண்ட் மெஷின் லேர்னிங். கம்ப்யூட்டர் சயின்ஸ் அண்ட் பிசினஸ் சிஸ்டம்ஸ். கம்ப்யூட்டர் சயின்ஸ் அண்ட் டிசைன். சைபர் செக்யூரிட்டி. இன்பர்மேஷன் டெக்னாலஜி. ஒரே மாவில் தோசை, ஊத்தப்பம், பணியாரம். அந்தப் பெண் “எனக்குக் கெமிஸ்ட்ரி புடிக்கும்” என்று ஒரு முறை சொன்னாள். யாருக்கும் கேட்கவில்லை. சொன்னது திரையைப் பார்த்து.

பெருநகர் இருக்கும் உத்திரமேரூர் தாலுகாக்காரர்களுக்கு இது புதிதல்ல. பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும், இங்கேதான் குடவோலை முறையைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். ஊர் வாரியங்களுக்குத் தகுதியுள்ளோர் பெயரை ஓலையில் எழுதிப் பானைக்குள் போட்டுக் குலுக்கி, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். இன்றைக்குப் பானைக்குப் பதில் கணினி, ஓலைக்குப் பதில் சமவாய்ப்பு எண். விவரம் அறியாத பிள்ளை மட்டும் அப்படியே இருக்கிறது. என்ன, அன்று அந்தப் பிள்ளை பிறர் ஓலையை எடுத்தது. இன்று தன் தலைவிதியைத் தானே எடுக்கிறது.

அந்தக் கல்வெட்டைப் பிரதமர் 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டும்போது புகழ்ந்தார். உள்ளூரில் அமைச்சர்கள் மேடை ஏறினால் குடவோலை இல்லாமல் இறங்க மாட்டார்கள். ஜனநாயகத்தின் தொட்டில் என்பார்கள். நிலமும் சொந்த மனையும் இல்லாதவன் ஓலை அந்தத் தொட்டிலுக்குள் போகவே இல்லை என்பதைச் சொல்ல மாட்டார்கள். போகட்டும். அதே கல்லில் இன்னொரு விதி இருக்கிறது: வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனும் அவன் சொந்தபந்தமும் திரும்ப வாரியத்துக்கு வரக் கூடாது. மாமன், மச்சான், பெரியம்மா மகன் வரை உறவு சொல்லித் தடுத்திருக்கிறார்கள். இந்த ஒரு விதியை எடுத்து, நம் பொறியியல் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் ஆய்வுக் குழுக்களுக்கு வைத்துப் பாருங்கள். பானை இருக்கும், உள்ளே போட ஓலை தேறுமா?

2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் வெளியிட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். மறந்தும் இருப்பீர்கள், ஏனென்றால் மறக்க வைப்பதற்குத்தான் விசாரணைக் குழு. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்பில் உள்ள 224 கல்லூரிகளில் 353 ஆசிரியர்கள், ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஊழியர்களாகக் காட்டப்பட்டிருந்தார்கள். ஒருவர் பத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரம். நாளுக்கு 24 மணி நேரம்தான் என்று இயற்பியல் துறை இன்னமும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தால் அந்தத் துறையை மூடிவிடுவது நல்லது. கொரியாவில் ஒரு மாணவன் ரெண்டு துறையில் படிக்கிறான். நம்மிடம் ஒரே வாத்தியார் பத்துக் கல்லூரியில் பாடம் எடுக்கிறார். யார் முன்னேறிய நாடு?

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் மூன்றாம் ஆண்டு. பாடத்திட்டத்தில் ‘ஓபன் எலெக்டிவ்’ என்று ஒன்று உண்டு. மாணவர் தன் துறைக்கு வெளியே பிடித்த பாடத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். காகிதத்தில் அது சியோலுக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. பருவத் தொடக்கத்தில் கூகுள் படிவம் வந்தது. ஐந்து பாடங்கள், ஐந்து வட்டம். படிவம் வந்து பத்து நிமிஷத்தில் வகுப்பு ஆலோசகரிடமிருந்து வாட்ஸ்அப் செய்தி: எல்லாரும் மூணாவதை டிக் பண்ணுங்க, அந்த ஸ்டாஃப்தான் ஃப்ரீயா இருக்கார். அறுபது பேரும் மனமொத்து மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். வடகொரியாவில் நடக்கும் தேர்தலில்கூட இவ்வளவு ஒற்றுமையைப் பார்க்க முடியாது.

இதற்கிடையில் 2024–25இல் ஏ.ஐ.சி.டி.ஈ. ஒரு துறைக்கு இத்தனை இடம்தான் என்ற உச்சவரம்பை எடுத்துவிட்டது. நன்றாக நடக்கும் கல்லூரிகளுக்குத்தான் அது என்றார்கள். நம் ஊரில் நன்றாக நடக்காத கல்லூரி எது? அத்தனைக்கும் சான்றிதழ் இருக்கிறது. கம்ப்யூட்டர் வகுப்புகள் வீங்கின, சிவிலும் மெக்கானிக்கலும் காலியாயின. 2023 மே மாதம் அண்ணா பல்கலைக்கழகமே தன் உறுப்புக் கல்லூரிகள் பதினொன்றில் தமிழ்வழி சிவில், மெக்கானிக்கல் படிப்புகளை நிறுத்துவதாக அறிவித்தது. சத்தம் கிளம்பியதும் திரும்பப் பெற்றுக்கொண்டது. 2010இல் அந்தத் தமிழ்வழி வகுப்புகளைத் தொடங்கியபோது என்ன ஆரவாரம்! தமிழில் படித்தவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்று அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை. இன்றைக்கு ஆள் சேரவில்லை என்று பிள்ளைகள் தலையில் பழி. இன்னொரு பக்கம் அரசுக் கலைக் கல்லூரிகளில் வகுப்பைத் தாங்கிப் பிடிப்பது மாதம் 25,000 ரூபாய் வாங்கும் கௌரவ விரிவுரையாளர்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2019இலேயே 50,000 வரை கொடுக்கச் சொல்லிவிட்டது. கௌரவத்தை அரசு கொடுத்துவிட்டது, பாக்கிப் பாதியை அவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கட்சிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். உயர்கல்விச் சேர்க்கையில் தமிழ்நாடு 47 விழுக்காடு, நாட்டின் சராசரி 28.4, 2021–22 அகில இந்தியக் கணக்கு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு வந்தது, கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. அது இல்லையென்றால் அந்தச் சேற்றுக்கால் அப்பா ஜெராக்ஸ் கடைக்கே வந்திருக்க மாட்டார். வாசல் வரை கூட்டி வந்தவர்கள் நாம்தான். உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்க மட்டும் இந்த வாசலில் யாருக்கும் அனுமதி இல்லை.

நாலு வருஷம் முடிந்ததும் அந்த ஜெராக்ஸ் கடைப் பெண் எங்கே போவாள்? அங்கேதான் நம் கொரிய நண்பர்கள் திரும்ப வருகிறார்கள். ஹூண்டாய் 1996இல் வந்தது, 1998இல் சான்ட்ரோ ஓடியது. நிலம், சாலை, தண்ணீர், மின்சாரம், வரிச் சலுகை எல்லாம் கொடுத்தோம். 2024 அக்டோபரில் அதன் இந்தியக் கிளை பங்குச் சந்தையில் 27,870 கோடி ரூபாய் திரட்டியது, அந்நாள் வரை இந்தியாவிலேயே பெரிய வெளியீடு. தாய் நிறுவனம் தன் கைப் பங்கை விற்றது, ஆகவே பணம் முழுவதும் சியோலுக்கு. ஐ.ஐ.டி. மெட்ராஸோடு சேர்ந்து ஹைட்ரஜன் ஆய்வு மையம் அமைக்க அவர்கள் முன்வந்ததும் உண்மைதான். பெருநகர் பிள்ளைக்கு ஐ.ஐ.டி. வாசலும் சியோல் விமான நிலையமும் ஏறக்குறைய ஒரே தூரம். இருங்காட்டுக்கோட்டையில் அவளுக்குக் கிடைப்பது ட்ரெய்னி அட்டை. அப்ரண்டிஸ், ட்ரெய்னி, காண்ட்ராக்ட்: இந்த மூன்று பாடத்தில் எதையும் அவள் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஓபன் எலெக்டிவ்.

சாம்சங் கதை அதைவிட ருசி. சியோலில் பேராசிரியருக்கும் மாணவருக்கும் பணம் கொடுக்கும் அதே நிறுவனத்தின் சுங்குவார்சத்திரம் ஆலையில், 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வெளியே பந்தலில் உட்கார்ந்தார்கள். கேட்டது என்ன? எங்களுக்கு ஒரு சங்கம் வேண்டும், அதைப் பதிவு செய்யுங்கள் என்பதுதான். சங்கத்தின் பெயரில் எங்கள் பெயர் வரக் கூடாது என்று நிறுவனம் ஆட்சேபித்தது. ஒரு துறைக்குப் பணமும் வேலையும் கொடுக்கலாம், ஒரு சங்கத்துக்குப் பெயர் கொடுத்தால் தீட்டு. ஊர்வலம் போனவர்களைக் கைது செய்தார்கள். ஒரு ராத்திரி வீடு தேடிப் போய்ப் பிடித்தார்கள், பந்தலைப் பிரித்தார்கள். சமூக நீதி அரசு, சங்கங்களின் தோளில் ஏறி வந்த அரசு, மூன்று அமைச்சர்களை அனுப்பிப் பேச்சு நடத்தியது. சங்கம் பதிவானது 2025 ஜனவரியில்தான். சாம்சங் தலைவர் லீ ஜே யோங் 2020இலேயே சங்கமே கூடாது என்ற பழக்கத்துக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டார், ஆனால் கேட்டது கொரிய மொழியில். நம் தொழில் துறைக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை போலும்.

மாங்கால் கூட்ரோடு பக்கம் தைவான்காரர்களின் காலணி ஆலை. நம் பெண்கள் ஆயிரக்கணக்கில் நின்று தைக்கும் ஷூ வெளிநாட்டில் ஓடுகிறது. அந்த ஆலை இருக்கும் செய்யாறு சிப்காட் தொழிற்பேட்டையை இன்னும் விரிக்க மேல்மாவில் நிலம் கேட்டார்கள். கொடுக்க மாட்டோம் என்ற விவசாயிகளில் ஏழு பேர் மேல் 2023 நவம்பரில் குண்டர் சட்டம் பாய்ந்தது, ஊர் கொதித்த பிறகு பின்வாங்கியது. நிலம் கொடுத்தவன் பிள்ளைக்கு வேலை, கொடுக்காதவனுக்குக் குண்டர் சட்டம். ரெண்டு பேர் பிள்ளையும் கடைசியில் ஒரே கம்பெனி பஸ்ஸில்.

எனவே புதிய பாடத்திட்டம் ஒன்றைத் தயாரித்து உயர்கல்வித் துறைக்கு இலவசமாகத் தருகிறேன். முதல் பருவம்: ஓடும் பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்குதல், செய்முறைத் தேர்வுடன். இரண்டாம் பருவம்: கன்வேயர் ஓடும்போது சிறுநீரை அடக்கும் உடலியல். மூன்றாம் பருவத்தில் ட்ரெய்னி ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்திடும் கலை. நாலாம் பருவத்தில் பந்தல் கட்டுதல். அதைக் காவல்துறை பிரித்தல், இது அரசுத் துறையோடு இணைந்து நடத்தும் கூட்டுப் படிப்பு. பட்டமளிப்பு அன்று தோளில் அங்கி வேண்டாம், கம்பெனி டி-ஷர்ட் போதும். வேலை நூறு விழுக்காடு உறுதி. எந்தக் கல்லூரி விளம்பரத்திலும் இப்படி உண்மையான வாக்குறுதி வந்ததில்லை.

கேலி போதும். அடுத்த முதலீட்டாளர் மாநாட்டில் கோட் போட்டுக்கொண்டு கையெழுத்திடும் ஐயா, அம்மா, ஒரு சின்னக் கேள்வி. மின்கட்டணச் சலுகைக்கு ஒரு பிரிவு இருக்கிறது, முத்திரைத்தாளுக்கு ஒரு பிரிவு இருக்கிறது, ஜி.எஸ்.டி. திரும்பக் கொடுப்பதற்கு ஒரு பிரிவு இருக்கிறது. சுங்க்யுன்க்வானில் நீங்கள் செய்ததை காஞ்சிபுரம் மாவட்டத்து அரசுக் கல்லூரி ஒன்றில் செய்து கொடுங்கள், செலவு உங்களுடையது, வேலை உறுதி, பாடத்தை எங்கள் பிள்ளை தேர்ந்தெடுக்கும் என்று ஒரே ஒரு பிரிவு எழுதிக் கேட்டதுண்டா? கேட்டு அவர்கள் முடியாது என்று சொல்லியிருந்தால் அதையாவது காட்டுங்கள். மொழிபெயர்ப்பாளர் மேடையிலேயேதான் நிற்கிறார், சம்பளம் நம் வரியில்.